ஆட்சேபம் இல்லாத இடத்தில் ஓர் ஆண்டெனா

குடிநீர் வாரிய அலுவலகத்தில் ஜன்னல்கள் எட்டு. முதல் ஏழில் புது இணைப்பு, மீட்டர், பெயர் மாற்றம் என்று எப்போதாவது ஏதாவது நடந்துவிடும். எட்டாவதில் அந்த அபாயம் கிடையாது. அங்கே புகார் வாங்கி, ஒரு எண் போட்டு, எண்ணை மட்டும் திருப்பித் தருவார்கள்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எட்டு டீ குடிக்கப் போயிருக்கு", "எட்டுக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல" என்பார்கள். தொண்டை சரியாக இருந்தாலும் அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. அவருடைய வேலை கேட்பது. குழாயில் காற்றுதான் வருகிறது; நேற்றிலிருந்து காற்றும் வரவில்லை; வருகிற தண்ணீர் துருவாக இருக்கிறது; பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் துரு இல்லாமல் வருவது எப்படி? எட்டு வாயைத் திறந்து, "இது எந்தத் தெருவுல..." என்று ஆரம்பித்தால் போதும். "இருங்க சார், நான் முடிச்சிடறேன்" என்பார்கள். முடிக்கமாட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு வாக்கியத்தை அவர் முற்றுப்புள்ளி வரை கொண்டுபோய்ச் சேர்த்த தருணங்களை எண்ண ஒரு கை போதும்.

வீட்டில் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். நாலு நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்துக் கிடப்பவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதைக் கேட்பதற்கு அந்த அம்மாளை விட்டால் வேறு ஆளும் இல்லை. கேட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். அதற்கும் எட்டுதான். இறக்கி வைத்த களைப்பில் அவர் பாதி வாக்கியத்திலேயே தூங்கிப்போவார். எட்டு மீதிப் பாதியை நினைத்துக்கொண்டு விழித்திருப்பார்.

இப்படிப்பட்ட ஒருவர் ஹாம் ரேடியோவில் போய் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. கைபேசியில் ஒரு விரலால் ஆகிற காரியத்தை, பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, கம்பி நட்டு, பெட்டி வைத்துச் சாதிக்கும் பொழுதுபோக்கு அது. ஆனால் கைபேசியில் இல்லாத ஒரு வசதி அதில் உண்டு. மைக்கில் ஒரு பித்தான் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டிருக்கும் வரை ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்டே தீரவேண்டும். நடுவில் புக வழியில்லை. அடுத்தவர் வாயை அடைப்பதற்கு மனிதன் கண்டுபிடித்தவற்றில் இதுவே மிகவும் மரியாதையானது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்த வட்டாரத்து ஹாம்கள் பதினாலு பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் குடியிருக்கும் ஒருவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவருக்கு மேட்டுக்காரர் என்று பெயர். கூப்பிடப்பட்டவருக்கு மூன்று நிமிடம். வாரத்தில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் இருக்கிறதே, அதில் எட்டுக்குச் சொந்தமானது அந்த மூன்று நிமிடம்தான். அதில் அவர் குறுக்கீடு இல்லாமல் தன் ஜன்னலைப் பற்றி, முழங்காலைப் பற்றி, மழை வருமா என்பது பற்றிப் பேசுவார். பதின்மூன்று பேர் கேட்பார்கள். கேட்காமல் பல் தேய்த்துக்கொண்டும் இருக்கலாம். யாரும் குறுக்கே வரவில்லை என்பதுதான் முக்கியம்.

அந்த மூன்று நிமிடத்துக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வழியாக ஆபத்து வந்தது.

"சார், உங்க பால்கனிக் கம்பி வந்ததுலேர்ந்து லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுடுது" என்றார் செயலாளர்.

"கம்பி வெச்சு ஒன்பது வருஷம் ஆச்சு, லிஃப்ட் போன மாசம்தான..."

"அதான் சொல்றேன். ஒன்பது வருஷமா லிஃப்ட் தாங்கியிருக்கு. அதுக்கும் ஒரு அளவு இல்லையா?"

தீர்மானம் நிறைவேறியது. கம்பி இறங்கியது. மொட்டை மாடிச் சாவி செயலாளரின் இடுப்புக்குப் போனது. லிஃப்ட் இப்போதும் மூன்றாவது மாடியில்தான் நிற்கிறது. ஆனால் மனசாட்சி உறுத்தாமல் நிற்கிறது.

கையில் பிடிக்கும் சின்னக் கருவி ஒன்று எட்டிடம் இருந்தது. அதில் மலைமேலிருந்து வருவது கேட்கும். இங்கிருந்து போவது மலை ஏறாது. ஞாயிறுதோறும் மேட்டுக்காரர் கூப்பிடுவார். "எட்டு சார் இருக்காரா? ஓவர்." எட்டு சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "இருக்கேன், இருக்கேன்" என்பார். அங்கே ஒன்றும் கேட்காது. "எட்டு சார் இல்ல. அடுத்தவர்." உயிரோடு உட்கார்ந்துகொண்டு தான் இல்லை என்று அறிவிக்கப்படுவதைக் கேட்பதற்கு நல்ல நெஞ்சு வேண்டும்.

பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து பன்னிரண்டு ஞாயிறு பதில் சொல்லாதவர் பெயர் அடிக்கப்படும். வெளியே ஏழு பேர் இடத்துக்குக் காத்திருந்தார்கள். பன்னிரண்டுக்குள் எட்டு எப்படியாவது குரல் கொடுத்தாக வேண்டும். வீடு போய்விட்டது. மிச்சம் இருந்தது கார்.

கார் மனைவி பெயரில் இருந்தது. பழைய கார். வாங்கும்போது விற்றவர், "மேற்கூரை அலுமினியம். துரு கிட்டயே வராது" என்று தட்டிக் காட்டியிருந்தார். எட்டு காந்த அடிப்பாகம் வைத்த ஆண்டெனா ஒன்றைத் தருவித்து, ஆசையோடு கூரைமேல் வைத்தார். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு சறுக்குமரத்தில் குழந்தை வருவதுபோல் முன்கண்ணாடி வழியாக இறங்கி வந்து வைப்பர்மேல் படுத்துக்கொண்டது. அலுமினியத்துக்குக் கிட்டே துரு மட்டுமல்ல, காந்தமும் வராது.

ஆக, காரில் எங்காவது நிரந்தரமாக மாட்ட வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில்தான் எட்டு, எட்டாம் ஜன்னல்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். ஒரு கோப்பு திறந்தார்.

நீளக் குறிப்பேட்டில் கோடு போட்டு நாலு பத்தி பிரித்தார். இடம். ஆட்சேபித்தவர். காரணம். நிலை. சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். கேட்டால் சொல்வதற்குத்தானே மனிதர்கள் இருக்கிறார்கள்?

ஹாம்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். அவர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார்: "சார், கம்பி பாதி ஆண்டெனா. அதுக்குக் கீழ விரிஞ்சு கிடக்கற தகடு மீதிப் பாதி. கூரைக்கு நட்ட நடுவுல ஓட்டை போட்டு வெச்சா நாலு பக்கமும் சமமாப் போகும். வேற எங்க வெச்சாலும் நொண்டி."

எட்டு மனைவியிடம் கேட்டார்.

"ஓட்டையா? ஏங்க, ஊர்ல எல்லாரும் மழைக்குப் பயந்து கூரை போடறாங்க. நீங்க கூரையில மழைக்கு வாசல் வைக்கறீங்களா?"

"ரப்பர் வளையம் போட்டு, பசை வெச்சு..."

"எங்க வார்டுலயும் ஓட்டை போட்டுட்டு பஞ்சு வெச்சு அமுக்கிட்டுதான் இருக்கோம். அப்பப்போ ஒழுகத்தான் செய்யுது."

கூரை நடுவு: ஆட்சேபம், மனைவி, ஒழுகல். செயலாளரும் அதே வரிசையில் சேர்ந்துகொண்டார். கீழ்த்தள நிறுத்துமிட நுழைவாயிலில் ஒரு உத்திரம் உண்டு. கூரைமேல் கம்பி நின்றால் உத்திரத்தில் இடிக்கும். உத்திரம் பொதுச் சொத்து.

முன்பக்க பானெட் ஓரம்? "கண்ணுக்கு நேரா ஒரு குச்சி ஆடிட்டே இருக்கும். அதைப் பார்ப்பேனா, ரோட்டைப் பார்ப்பேனா?" மனைவி. டிக்கி விளிம்பு? "டிக்கியைத் திறக்கறப்ப கண்ணைக் குத்தும்." மனைவி. ஜன்னல் கண்ணாடியில் செருகும் கொக்கி? "அது ஆண்டெனா இல்ல சார், அலங்காரம்." வாத்தியார்.

அப்போதுதான் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு லாரிக்காரர் வந்தார். அவரும் ஹாம், மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர், எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு லாரி விடை உண்டு. "அண்ணே, ஏன் குழப்பிக்கறீங்க? பின் பம்பர்ல ஒரு பட்டை அடிச்சு மாட்டுங்க. என் வண்டில அங்கதான் இருக்கு. வெண்ணெய் மாதிரி போகுது."

"உங்க வண்டில கம்பி ஆறடி. இவர் கம்பி ஒன்றரை அடி. காரோட முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பேசற மாதிரி ஆயிடும்" என்றார் வாத்தியார்.

"வாத்தியாரே, நீங்க போர்டுல வண்டி ஓட்டறவரு. நான் ரோட்டுல ஓட்டறவன்."

"சரி. உங்க இஷ்டம்" என்றார் வாத்தியார்.

'உங்க இஷ்டம்' என்பதை அலுவலகக் கோப்பில் சம்மதம் என்று பதிவு செய்வது மரபு. மனைவிக்குப் பம்பர்மேல் எந்தப் பாசமும் இல்லை. உத்திரத்துக்கும் பம்பருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பின் பம்பர், இடது ஓரம்: ஆட்சேபம் எதுவும் இல்லை. எட்டு சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். இதற்குள் பத்து ஞாயிறு போயிருந்தது.

பதினோராம் ஞாயிறு. மனைவிக்கு ஒன்பது மணி ஷிஃப்ட். அவரை ஏழரைக்கே கிளப்பிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி மதிலோரம் காரை நிறுத்தினார் எட்டு. பம்பர்மேல் கம்பி பளபளவென்று நின்றது. வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டி உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எட்டு மணி ஐந்து நிமிடம். "எட்டு சார் இருக்காரா? ஓவர்."

பித்தானை அமுக்கினார். உரிமத்தில் கொடுத்த எழுத்தும் எண்ணுமான அழைப்புக்குறியை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எட்டு பேசறேன். ஆஜர். ஓவர்."

ஸ்பீக்கரில் சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேட்டுக்காரர் குரல். "யாரோ கரகரன்னு கூப்பிடறாங்க. யாருன்னு புரியல. யாருக்காவது கேக்குதா?"

"யாரோ மண்ணை அள்ளித் தகரத்துல போடற மாதிரி இருக்கு" என்றார் லாரிக்காரர். யோசனை சொன்னவர் அவர்தான்.

எட்டு மறுபடி அமுக்கினார். காரை முன்னே தள்ளினார். பின்னே தள்ளினார். ஆஸ்பத்திரிக் காவலாளி வந்து, "இங்க நிறுத்தக் கூடாது" என்றார். மேட்டுக்காரர் அனுதாபத்தோடு, "அடையாளம் தெரியாத நிலையம், கொஞ்சம் காத்திருங்க. எட்டு சார் இல்ல. பதினோரு வாரம் ஆச்சு. அடுத்த வாரமும் வரலைன்னா வருத்தத்தோட பேரை எடுக்க வேண்டியதுதான். அடுத்தவர்" என்றார்.

யாருக்கும் ஆட்சேபம் இல்லாத இடம் அது. மலைக்கு மட்டும் ஆட்சேபம் இருந்தது. மலையிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

"என்னாச்சு?" என்றார் மனைவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"கேக்கல."

"எனக்கு நல்லாக் கேட்டுதே."



அந்த வாரம் எட்டாம் ஜன்னலில் வரிசை வாசல் வரை நின்றது. எங்கோ பெரிய குழாய் வெடித்து நாலு தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோயிருந்தது. புதன்கிழமை ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். முடிவில், "நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று அதையும் ஒரு புகாராக எழுதித் தந்தார். எட்டு அதற்கும் எண் போட்டுத் தந்தார்.

சனிக்கிழமை மதியம் காரை எடுத்துக்கொண்டு டிங்கரிங் பட்டறைக்குப் போனார். குறிப்பேட்டை எடுத்துப் போகவில்லை.

"கூரை நடுவுல ஒரு ஓட்டை போடணும்."

பட்டறைக்காரர் ஓட்டைகளை அடைத்துப் பிழைப்பவர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வண்டி யார் பேர்ல சார்?"

"வீட்டுக்காரம்மா பேர்ல."

"அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும். போன் போடுங்க."

"போட மாட்டேன்."

"அப்ப நானும் போட மாட்டேன். போன வருஷம் ஒருத்தர் வந்து சிவப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னாரு. அடிச்சேன். அந்தம்மா வந்து என் பட்டறையில உக்காந்து மூணு நாள் அழுதுச்சு. வேணும்னா மெஷின் தர்றேன். கை உங்களோடதா இருக்கட்டும்."

எட்டு டிரில் மெஷினை வாங்கிக்கொண்டார். கூரையின் நாலு மூலைக்கும் குறுக்கே இரண்டு நூல் கட்டினார். நூல்கள் வெட்டிக்கொண்ட இடத்தில் காகித டேப் ஒட்டிப் புள்ளி வைத்தார். உள்ளே அதற்கு நேர் கீழே கார் விளக்கு. அதைக் கழற்றினால் கை நுழைய வழி கிடைத்தது. பட்டறைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்ற முகத்தோடு, "கிரீஸ் தடவிக்கங்க. தூள் அதுல ஒட்டிக்கும்... மெதுவா... அமுக்காதீங்க, அதுவா இறங்கும்..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதுவாகவே இறங்கியது. ஒரு சின்ன அலுமினிய வட்டம் விளக்குக் குழியில் விழுந்தது. கம்பிக்கும் தகட்டுக்கும் தொடர்பு கிடைக்க, எட்டு கூரைக்கு உள்பக்கம் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியச் செய்தார். மேலே ரப்பர் வளையம், பசை. கம்பியை முறுக்கி நிறுத்தினார்.

திரும்பி வரும்போது நிறுத்துமிட உத்திரத்தில் கம்பி உரசி வளைந்து, உள்ளே வந்ததும் 'டொய்ங்' என்று நிமிர்ந்தது. முதல் மாடியிலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் சத்தம்?"

"எழுதிக் குடுங்க. நம்பர் போட்டுத் தர்றேன்" என்றார் எட்டு.

எட்டின் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து செயலாளர் கேட்டதில்லை.

ஞாயிறு காலை ஏழேகால். மனைவி காரின் கதவைத் திறந்தார். மேலே பார்த்தார். குனிந்து உள்ளே, விளக்குப் பக்கத்திலிருந்து இறங்கும் கறுப்பு ஒயரைப் பார்த்தார். பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். வார்டில் முந்தின நாள் இரண்டு பேர் லீவு. மூன்று பேர் வேலையை அவர் பார்த்திருந்தார். கண்ணுக்குக் கீழே அது தெரிந்தது.

"ஓட்டை போட்டாச்சா?"

"ம்."

"என்னைக் கேக்கவே இல்ல."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லுவேன்தான்." ஒயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒழுகினா எங்க ஒழுகும்?"

"நட்ட நடுவுல."

"நடுவுல யாரும் உக்கார்றதில்ல" என்று சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மதிலோரம். அதே இடம், அதே காவலாளி. அவர் கம்பியைப் பார்த்து ஏதோ அரசாங்க வண்டி என்று நினைத்து, இந்த முறை நெற்றியில் கை வைத்து சலாம் போட்டுவிட்டுப் போனார்.

எட்டின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. பதினோரு வாரமாகச் சேர்த்து வைத்தவை. செயலாளர், லிஃப்ட், மாடிச் சாவி, வெடித்த குழாய், புதன்கிழமைக்காரர், முழங்கால். மூன்று நிமிடத்துக்குள் அடங்குமா என்று வீட்டில் படித்துக்கூடப் பார்த்திருந்தார்.

"எட்டு சார் இருக்காரா? பன்னிரண்டாவது வாரம். ஓவர்."

பித்தானை அமுக்கினார். அழைப்புக்குறி. "எட்டு. ஆஜர்."

சீட்டைப் பிரித்தார். முதல் வரியைப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். வரிசையாக, எண் போட்டு, எல்லாம் புகார். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வரிசையில் நிற்கும் ஒரு முகம் தெரிந்தது. தானும் போய் யாரோ ஒருவரின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "இருங்க சார், நான் முடிச்சிடறேன்" என்று சொல்லப் போவதுபோல் இருந்தது. அவருக்கு அலுப்பாக இருந்தது. சொல்ல அலுப்பு, கேட்பவர்களை நினைத்தாலும் அலுப்பு.

சீட்டை மடித்தார். பித்தானிலிருந்து கட்டை விரலை எடுக்கவில்லை.

மனைவி திரும்பிப் பார்த்து, ஏன் பேசவில்லை என்று கேட்க வாயெடுத்தார். எட்டு பித்தானைக் கண்ணால் காட்டினார். இப்போது பேசினால் பதின்மூன்று வீட்டில் கேட்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். கார் அமைதியாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் அந்த அலைவரிசையில் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. எட்டின் கட்டை விரல் அனுமதிக்காது. மனைவி தலையைச் சீட்டில் சாய்த்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டாயிற்று. அவர் கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாவது நிமிடம் முடியும்போது எட்டு விரலை எடுத்தார்.

"எட்டு சார்!" மேட்டுக்காரர் குரல் துள்ளியது. "பேர் பதிவு பண்ணியாச்சு. உங்க சிக்னல் பிரமாதம், கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா முதல் வார்த்தைக்கு அப்புறம் பேச்சு வரல. மைக்ல ஏதோ கோளாறு. பாருங்க. ஓவர்."

"மைக் ஒயர் உள்ள அறுந்திருக்கும் அண்ணே" என்றார் லாரிக்காரர். "என் வண்டிலயும் இப்படித்தான்..."

"ஒயர் அறுந்தா முதல் வார்த்தை எப்படிங்க வரும்?" என்றார் வாத்தியார்.

இருவரும் வாக்குவாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு சத்தத்தைக் குறைத்து மைக்கைக் கொக்கியில் மாட்டினார். ஒன்பது மணி ஷிஃப்ட்டுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மனைவியை எழுப்பவில்லை.